‘லேட்டாகும்னு வீட்டுக்கு எப்படிச் சொல்வீங்க?’

#1 பின்வரிசை

நேற்று இரவு என் மகள் கேட்ட கேள்வி இது. வயது 14. “அப்பா, நீங்க சின்னப் பையனா இருந்தப்போ கையில போன் கிடையாதே. வெளியில போய் லேட்டாச்சுன்னா வீட்டுக்கு எப்படிச் சொல்வீங்க?”

சொல்ல மாட்டோம் என்றேன்.

நம்பவில்லை. “சும்மா சொல்லாதீங்க. ஏதாவது ஒரு வழி இருந்திருக்கும்” என்றாள். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு வழியும் இல்லை. போனால் போனதுதான். வந்தால்தான் வந்தோம் என்று தெரியும்.

விடுமுறை நாளில் காலையில் சைக்கிளை எடுத்தால் இருட்டும்போதுதான் வீடு. நடுவில் ஏழெட்டு மணி நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்பது, கூட வந்த இரண்டு பையன்களைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது. ஒருமுறை வெகுதூரத்தில் செயின் அறுந்துவிட்டது. உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “கை காலைக் கழுவிட்டு வா” என்றார், அவ்வளவுதான். கிரீஸ் போக எனக்குத்தான் அரை மணி ஆனது.

அந்த ஏழெட்டு மணி நேரம் என் மகளுக்கு இதுவரை ஒருநாள்கூடக் கிடைத்ததில்லை. அவள் வருகிற பேருந்து எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்பது என் மொபைலில் புள்ளியாகத் தெரிகிறது. புள்ளி இரண்டு நிமிடம் நகராவிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இது நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைக்க வரவில்லை. ஸ்மார்ட்போனுக்கும் இணையத்துக்கும் முன்னால் வளர்ந்தவர்கள் உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள். மற்றவர்கள் கேளுங்கள்.

#2 மடக்குக்குடை

எங்கள் வீட்டில் வழி இருந்தது சகோ. அண்ணன் என்று பெயர். எங்கே ஒளிந்திருந்தாலும் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்து, காதைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். சார்ஜ் போடத் தேவையில்லை. சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

#3 டிரான்சிஸ்டர் தாத்தா

முதலில் ஒரு சின்னத் திருத்தம், பின்வரிசை. ‘ஸ்மார்ட்போனுக்கும் இணையத்துக்கும் முன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். அவை இரண்டு வேறு காலங்கள். டிம் பெர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வகத்தில் உலகளாவிய வலைக்கான (WWW) யோசனையை எழுதிக் கொடுத்தது 1989-ல். அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் அறிவித்தது 1993 ஏப்ரல் 30. முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது 2007 ஜூன் கடைசியில். நடுவில் 14 வருடம். அந்தப் 14 வருடத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இணையம் என்பது ஓர் இடம். வீட்டு மூலையில் மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர். அங்கே போய் உட்கார்ந்தால் இணையம், எழுந்துவிட்டால் இல்லை.

அதிலும் போன் லைன் வழியாகவே இணையத்தில் சேர்ந்த டயல்-அப் காலம் தனிக் கூத்து. நொடிக்கு 56 கிலோபிட் என்று பெட்டியில் போட்டிருக்கும், அந்த வேகம் ஒருநாளும் முழுசாக வராது. 4 எம்பி பாட்டு ஒன்றை இறக்கக் கால்மணி நேரம். பதினாலாவது நிமிடத்தில் உள் அறையில் யாராவது இன்னொரு போனை எடுத்து “ஹலோ” என்பார்கள். அத்தோடு இணைப்பு போச்சு, பாட்டும் போச்சு.

ஆனால் நான் அதற்கும் முந்தையவன். எங்கள் வீட்டில் இருந்தது, எண் துளையில் விரலை விட்டுச் சுற்றுகிற டயல் போன். நாங்கள் கண்டபடி பேசுகிறோம் என்று அப்பா டயலில் ஒரு குட்டிப் பூட்டுப் போட்டுவிட்டார். ஒன்றாம் எண் துளையில் மாட்டிவிட்டால் டயல் சுற்றாது. வருகிற அழைப்பை எடுக்கலாம், நாம் யாரையும் கூப்பிட முடியாது. சாவி அவர் சட்டைப் பையில்.

அந்தப் பூட்டைத் திறக்காமலே நான் இரண்டு வருடம் பேசினேன். எப்படி என்று கேட்டால் சொல்கிறேன்.

#4 மடக்குக்குடை

கேட்காமல் எப்படித் தாத்தா விடுவோம். சொல்லுங்கள்.

#5 டிரான்சிஸ்டர் தாத்தா

டயல் சுற்றுவதாக நாம் நினைக்கிறோமே, உள்ளே நடப்பது வேறு. டயல் திரும்பி வரும்போது லைனை அறுத்து அறுத்துச் சேர்க்கும். 3-ஐச் சுற்றினால் மூன்று தடவை, 7-ஐச் சுற்றினால் ஏழு தடவை, 0-வுக்குப் பத்து. நொடிக்குச் சுமார் பத்துத் துடிப்பு. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் இயந்திரம் துடிப்பை எண்ணுமே தவிர, அதை டயல் அனுப்பியதா வேறு எது அனுப்பியதா என்று பார்க்காது.

ரிசீவரை வைக்கிற இடத்தில் அமுங்கி எழும் பொத்தான் இருக்கிறதல்லவா, அதுவும் லைனை அறுக்கிற பொத்தான்தான். அதை விரலால் டக்டக்டக் என்று சீராகத் தட்டினால் 3. ஒரு நொடி நிறுத்தி அடுத்த எண். கொஞ்சம் மெதுவாகத் தட்டினால் ‘வைத்துவிட்டான்’ என்று நினைத்துக்கொள்ளும். வேகமாகத் தட்டினால் எண்ணிக்கை தப்பும். கை பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் யார் யார் வீட்டுக்கெல்லாமோ போன் போனது.

இதில் ஒரு வேடிக்கை. 9-ம் 0-வும் நிறைய உள்ள எண்ணைத் தட்டுவது நரகம். என் வகுப்பில் 1, 2, 3 அதிகம் உள்ள எண் வைத்திருந்தவனோடுதான் என் நட்பு நீடித்தது. அவனோடு இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறேன்.

(நியூசிலாந்தில் டயலில் எண்கள் தலைகீழ். அங்கே 1-ஐச் சுற்றினால் ஒன்பது துடிப்பு போகும். அதனால்தான் பிரிட்டனின் அவசர எண் 999 ஆகவும் நியூசிலாந்தின் எண் 111 ஆகவும் இருக்கின்றன. கம்பியில் போகிற துடிப்பு இரண்டுக்கும் ஒன்றே.)

#6 நிலாமுற்றம்

இந்த இழையில் எனக்குப் பிடித்த ஆள் பின்வரிசை இல்லை, பின்வரிசையின் அம்மா.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஏழெட்டு மணி நேரத்தை அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே ஏழெட்டு மணி நேரம் வீட்டில் ஒருவர் இருந்தார். அவருக்கு அது எப்படிப் போயிற்று? இருட்டுகிறது, பையனைக் காணோம். யாரைக் கேட்பது? கூடப் போன பையன்களும் வரவில்லை. வாசலுக்கு வருவார், உள்ளே போவார், அடுப்பைக் குறைப்பார், மறுபடி வாசலுக்கு வருவார். ஒன்பதரைக்கு நீங்கள் வந்தபோது திட்டாமல் விட்டது பெருந்தன்மை என்று நினைக்கிறீர்களா? திட்டுவதற்குக்கூடத் தெம்பு மிஞ்சியிருக்காது.

எங்கள் அம்மா பேருந்துச் சத்தத்தை எண்ணுவார். அப்பா வேலையிலிருந்து வருகிற நேரத்தில் தெருமுனையில் மூன்று பேருந்து நிற்கும். முதல் பேருந்து நின்று கிளம்புகிற சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் காது கொடுப்பார். செருப்புச் சத்தம் இல்லையென்றால் வேலையைத் தொடருவார். இரண்டாவது பேருந்துக்கும் அப்படியே. மூன்றாவது போய்விட்டால் பேச மாட்டார். அதற்குப் பிறகு நாங்கள் என்ன கேட்டாலும் “ம்” மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுதந்திரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை. ஒரே வீடு, ஒரே அம்மா அப்பா. என் தம்பிக்குச் சைக்கிள், எனக்கு ஐந்தரைக்குள் வீடு. வீட்டுக்கே ஒரு போன், அது கூடத்தின் நடுவில். தோழி கூப்பிட்டால்கூட முதலில் அப்பா எடுத்து “யாரும்மா? எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே பேப்பர் படிப்பார். பேப்பரில் அவர் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பியதை நான் பார்த்ததே இல்லை. நானும் என் தோழியும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். போன் இரண்டு தடவை மணி அடித்து நின்றால் ‘நாளை அந்தப் புத்தகம் கொண்டு வா’. மூன்று அடித்தால் ‘பேச ஆள் வேண்டும், பால்கனிக்கு வா’. எதிர்வீடுதான். கை காட்டினால் போதும். ஆனால் பால்கனிக்கு வர வைக்கப் போன் தேவைப்பட்டது.

#7 பின்வரிசை

அக்கா, உங்கள் பதிவை நேற்றே படித்துவிட்டேன். பதில் எழுத ஒருநாள் ஆயிற்று.

அந்த இரவைப் பற்றி நான் அம்மாவிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. செயின் அறுந்த கதையை நூறு பேரிடம் சொல்லியிருப்பேன், எல்லாம் என் பக்கத்துக் கதை. இப்போது கேட்கலாம் என்றால் அம்மா இல்லை.

#8 புதுவரவு_22

எனக்கு 19 வயது. ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். ஓர் இடத்தில் சந்திக்கலாம் என்று முடிவு செய்கிறீர்கள். நீங்கள் போய் நிற்கிறீர்கள். அவர் வரவில்லை. எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? கிளம்பும் முடிவை எப்படி எடுப்பீர்கள்?

#9 மடக்குக்குடை

நல்ல கேள்வி தம்பி. நண்பன் என்றால் அரை மணி. கடன் வாங்கியவன் என்றால் ஒரு மணி. அந்த வயதில் வேறு சிலருக்காகக் கடைசிப் பேருந்துவரை நின்றதுண்டு, அதை இங்கே விவரிக்க முடியாது, மனைவியும் இந்த இழையைப் படிக்கிறாள்.

ஒருமுறை நானும் ஒருவனும் ரயில் நிலையக் கடிகாரத்துக்குக் கீழே பத்து மணிக்குச் சந்திப்பதாகப் பேச்சு. நான் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டேன். பதினொன்றரைவரை நின்றேன். மனசுக்குள் அவனைத் திட்ட ஆரம்பித்தவன், பதினொரு மணி வாக்கில் அவனுக்கு விபத்து ஏதும் நடந்திருக்குமோ என்று பயந்து, பதினொன்றேகாலுக்கு மன்னித்து, பதினொன்றரைக்கு மறுபடி கோபமாகிக் கிளம்பினேன். மறுநாள்தான் தெரிந்தது, அந்த நிலையத்துக்கு முன்னால் ஒரு கடிகாரம், பின்னால் ஒரு கடிகாரம். அவன் பின்கடிகாரத்தின் கீழ் பதினொன்றே முக்கால்வரை நின்றிருக்கிறான். பதினைந்து நிமிடம் அதிகமாக நின்றதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

#10 புதுவரவு_22

நடுவில் ஒருமுறைகூடக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கத் தோன்றவில்லையா?

#11 மடக்குக்குடை

அங்கேதான் விஷயமே. நான் நகர்ந்த நேரத்தில் அவன் வந்துவிட்டால்? இடத்தை விட்டு அசையக் கூடாது என்பதுதான் சட்டம். இரண்டு பேரும் சட்டத்தை மதித்ததால் வந்த வினை.

#12 பொற்காலம்

இதெல்லாம் தங்கமான நாட்கள். இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, மரியாதை இல்லை, வானத்தை நிமிர்ந்து பார்க்கத் தெரியாது. நாள் முழுக்கப் போன். எல்லாம் கெட்டுப் போய்விட்டது.

#13 புதுவரவு_22

ஐயா இதை எதில் தட்டச்சு செய்தீர்கள்?

#14 பொற்காலம்

அது வேறு விஷயம்.

#15 மௌனவாசகன்

பல வருடமாக இந்தத் தளத்தில் படிக்கிறேன், எழுதியது குறைவு. இன்று எழுதத் தோன்றுகிறது.

எனக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் ஏக்கத்தோடு பேசுகிற அந்தப் போன் என் வீட்டிலும் இருந்தது. அது அடிக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லோர் தலையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பும். யாராவது ஓடுவார்கள். எடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிப்பார், புருவத்தைச் சுருக்குவார், மறுபடி சிரிப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று நடுநடுவே ஏதோ சொல்லச் சொல்லிக் கொடுப்பார்கள். பத்து நிமிடம் இது நடக்கும். வைத்த பிறகு ‘யார், என்ன?’ என்று சைகையில் கேட்பேன். ‘அத்தை. நலம்.’ பத்து நிமிடப் பேச்சில் என் பங்கு அந்த இரண்டு சொல்.

நண்பன் வீட்டில் இருக்கிறானா என்று தெரிய வேண்டுமென்றால் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். மூன்று கிலோமீட்டர். இருக்க மாட்டான். அவன் வேறு வழியாக என் வீட்டுக்கு நடந்து வந்திருப்பான். இது ஒருமுறை இரண்டுமுறை இல்லை.

எனக்கு 26 வயதானபோது கையில் மொபைல் வந்தது. குறுஞ்செய்தி மட்டும் அனுப்பக்கூடிய எனக்கு எதற்கு மொபைல் என்று வீட்டில் கேட்டார்கள். அவனுக்கு நான் அனுப்பிய முதல் செய்தி ‘எங்கே?’. சட்டைப் பையில் அது அதிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. ‘வீட்டில்’ என்று வந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக, இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் ஒரு நண்பன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

அன்று இரவு இரண்டு மணிவரை நாங்கள் இருவரும் ஒன்றுமே இல்லாததைப் பற்றிப் பேசினோம். நீங்கள் எல்லோரும் அதைச் சின்ன வயதிலிருந்து செய்துகொண்டிருந்தீர்கள்.

தொலைபேசிக்கு 1876-ல் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்லின் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, மனைவிக்கும் கேட்காது. அந்த வீட்டில் போன் அடித்தபோது அவர்கள் யார் முகத்தைப் பார்த்திருப்பார்கள் என்று சில சமயம் யோசிப்பேன்.

#16 நிலாமுற்றம்

இதைப் படித்த பிறகு என் பால்கனிக் கதை ஒன்றுமே இல்லை.

#17 மௌனவாசகன்

அப்படிச் சொல்லாதீர்கள். உங்கள் தோழி எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து கை காட்டினாள் என்று படித்தபோது, நமக்கு இனம் ஒன்று என்று நினைத்தேன்.

#18 டிரான்சிஸ்டர் தாத்தா

மௌனவாசகன், நீங்கள் சொன்னதோடு சேர்த்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ராபர்ட் வைட்பிரெக்ட். அமெரிக்க இயற்பியலாளர், காது கேளாதவர். 1964-ல் டெலிபிரிண்டரை (கம்பி வழியாக எழுத்தை அனுப்பி அச்சிடும் தட்டச்சு இயந்திரம்) போன் ரிசீவரோடு இணைக்க ஒரு கருவி செய்தார். எழுத்து ஒலியாக மாறிப் போன் கம்பியில் போய், மறுமுனையில் மறுபடி எழுத்தாக அச்சாகும். ஆனால் அந்த இயந்திரம் மேசை அளவு கனம், இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். எத்தனை வீட்டில் இருந்திருக்கும்?

குறுஞ்செய்திக்கு வந்தால், முதல் செய்தி போனது 1992 டிசம்பர் 3. நீல் பேப்வொர்த் என்ற பொறியாளர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். பதில் வரவில்லை. அந்தக் கைப்பேசியிலிருந்து பதில் அனுப்ப அப்போது வழி இல்லை.

#19 மௌனவாசகன்

ஒரு செய்திக்கு 160 எழுத்து. அது ஆங்கிலத்துக்கு. தமிழில் அனுப்பினால் 70-தான், அதிலும் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘எங்கே’ என்பது நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. எங்கள் முதல் போன்களில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினோம். ‘வா’ என்றால் வருகிறாயா, வந்துவிடு, ஐயோ, எல்லாம் அதுவே.

இப்போது வீடியோ அழைப்பில் கையாலேயே பேசுகிறேன். அம்மாவுக்கு வயது 81. போனை எதிலாவது சாய்த்து வைக்கத் தெரியாது. ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பேசுவார். பாதி வாக்கியம்தான் வரும், அந்தக் கால போன் மாதிரி.

#20 இரண்டாம்பக்கம்

நல்ல இழை. நான் வேறு பக்கம் போகிறேன், மன்னிக்கவும். நான் இழந்ததாக நினைப்பது தீராத வழக்கை.

சாப்பிடும்போது அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரு வாதம் வரும். எந்த நதி நீளம், எந்தப் பறவை வேகம். யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இரண்டு பேரும் உறுதியாகப் பேசுவார்கள். தட்டு காய்ந்துவிடும். அடுத்த முறை மாமா வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு வாதம் என் ஒன்பது வயதில் தொடங்கி எனக்குப் பதிமூன்று ஆகும்வரை ஓடியது. நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். இரண்டு பேருக்கும் என்மேல் வருத்தம்.

கின்னஸ் சாதனைப் புத்தகமே அப்படி ஒரு வாதத்தில் பிறந்ததுதான். 1951-ல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன இடத்தில், வேட்டையாடப்படும் பறவைகளில் ஐரோப்பாவிலேயே வேகமானது எது என்று பேச்சு வந்தது. கின்னஸ் பீர் ஆலையின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர் எந்தப் புத்தகத்திலும் விடை கிடைக்காமல் திண்டாடினார். 1955-ல் முதல் பதிப்பு வந்தது. இன்றைக்கு என்றால் அதே இடத்தில் போனை எடுத்துப் பார்த்திருப்பார், புத்தகம் வந்திருக்காது.

#21 புதுவரவு_22

ஆனால் தவறாகத் தெரிந்துகொண்டதை நாற்பது வருடம் சரியென்று நம்பிக்கொண்டிருப்பீர்களே?

#22 இரண்டாம்பக்கம்

ஆமாம். சுகமாக நம்பிக்கொண்டிருந்தோம். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை தம்பி. மருந்து விஷயத்தில்கூட அப்படித்தான் நம்பினோம்.

#23 பின்வரிசை

இழையைத் தொடங்கியவன் என்ற உரிமையில் ஓர் உதவி கேட்கிறேன்.

நிலாமுற்றம் அக்காவின் பதிவுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் பழைய பெட்டிகளைக் கிளறினேன். ஒரு கேசட் கிடைத்தது. 60 நிமிடம், பக்கத்துக்கு அரை மணி. என் கூடப்பிறந்த அக்காவின் கையெழுத்தில் ‘ரேடியோ பாட்டு — அழிக்காதே!!’ என்று எழுதியிருக்கிறது. அப்போது எங்களிடம் ரேடியோவும் ரெக்கார்டரும் தனித்தனி. அக்கா மைக்கை ரேடியோ முன்னால் வைத்துப் பதிவு செய்வாள். பாட்டு முடியும்வரை வீட்டில் யாரும் தும்மக்கூடாது. பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டால் பிரளயம். பேசினால் அந்தப் பேச்சும் பதிவாகிவிடும்.

பதிவாகிவிடும் என்று எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த வீட்டில் யாராவது பேசியிருந்தால் அது இதில் இருக்கும்.

முப்பது வருடமாக யாரும் இதைப் போடவில்லை. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு கழன்று உள்ளே உருண்டுகொண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

#24 டிரான்சிஸ்டர் தாத்தா

எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

கேசட்டின் முதுகுப்பக்கம் இரண்டு ஓரத்திலும் குட்டிப் பிளாஸ்டிக் காது இருக்கும். அது உடையாமல் இருந்தால் இப்போதே இரண்டையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அமுக்கினாலும் அது இறங்காது. எல்லாவற்றுக்கும் முன் இதுதான்.

அடுத்து, கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி மாதிரி தெரிந்தால் பூஞ்சை. அப்படியிருந்தால் இயந்திரத்தில் போடக்கூடாது, அதற்கென்று செய்பவர்களிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் மேலே போகலாம்.

பஞ்சு இல்லாமல் ஓட்டினால் ஒலி மங்கும். கூட்டை மாற்றிவிடுவது நல்லது. ஐந்து திருகாணி போட்ட இன்னொரு கேசட் தேடுங்கள், ஒட்டிய கூடு வேண்டாம். அதைத் திறந்து உள்ளே இருக்கும் சுருள்களை எடுத்துவிட்டு உங்கள் சுருள்களை அப்படியே, பக்கம் மாறாமல் வையுங்கள். உங்களுடையது ஒட்டியதாக இருந்தால் பொருத்து ஓரத்தில் மெல்லிய கத்தியை விட்டுப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். விரல் நாடாவில் படக்கூடாது.

பிறகு ஆறு பட்டைப் பென்சிலை விட்டுச் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்றுகிறதா என்று. நாடாவின் இரண்டு முனையிலும் நிறமில்லாத துண்டு ஒட்டியிருக்கும், அந்த ஒட்டு காய்ந்திருந்தால் வேகமாகச் சுற்றும்போது பிய்த்துக்கொள்ளும். பிளேயரில் நாடா உரசும் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். முதல்முறை ஓட்டும்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்யுங்கள். இரண்டாவது முறை கிடைக்கும் என்று நம்பாதீர்கள். எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக.

#25 மடக்குக்குடை

தாத்தா ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பேசுகிறார்.

#26 பின்வரிசை

பத்து நாள் ஆகிவிட்டது. பிளேயர் கிடைக்கத்தான் தாமதம்.

கூடு ஒட்டியதுதான். பிரிக்கும்போது கை நடுங்கியது. மகள் பிடுங்கிக்கொண்டு அவளே பிரித்தாள். சுருள்களை மாற்றியதும் அவள்தான். பென்சிலைக் கொடுத்தேன், எதற்கு என்றாள். பிறகு அரை மணி நேரம் அதைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

முதல் பக்கத்தில் பாட்டு, அறிவிப்பாளர் குரல், பாட்டு. இழுத்த மாதிரி, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பதினேழாவது நிமிடத்தில் ஒரு பாட்டின் நடுவே கதவு கிறீச்சிடுகிறது. எங்கள் வாசல் கதவு. அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவேன். பிறகு அம்மா, தூரத்திலிருந்து, “மணி என்னடி ஆச்சு?” அக்கா பதில் சொல்லவில்லை, பாட்டு கெட்டுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அம்மா கொஞ்சம் பக்கத்தில் வந்து, “இவன இன்னும் காணோமே.” அவ்வளவுதான். அக்கா பொறுக்க முடியாமல் “அம்மாஆஆ!” என்று கத்துகிறாள். பதிவு அறுந்துவிடுகிறது. அடுத்து வேறொரு நாள், வேறொரு பாட்டு.

அது எந்த நாள் என்று தெரியாது. செயின் அறுந்த நாளாக இருக்க வேண்டியதில்லை, நான் தாமதமாக வந்த நாட்கள் நிறைய. அக்காவுக்குப் போன் செய்து கேட்க வைத்தேன். முதலில் “என் பாட்டைக் கெடுத்தாளே” என்றாள். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

#27 நிலாமுற்றம்

கதவு எத்தனை தடவை கிறீச்சிட்டது என்று எண்ணினீர்களா?

#28 பின்வரிசை

எண்ணினேன் அக்கா. பதினேழு நிமிடத்துக்குள் நான்கு தடவை. முதல் மூன்றையும் பாட்டோடு சேர்ந்த இரைச்சல் என்று விட்டுவிட்டேன். மகள்தான் மறுபடி போட்டுக் காட்டினாள்.

#29 மௌனவாசகன்

அந்தப் பகுதியின் அலைவடிவத்தைப் படமாகப் போட முடியுமா? கதவு எப்படி இருக்கும், அம்மா எப்படி இருப்பார் என்று பார்க்க ஆசை.

#30 பின்வரிசை

கண்டிப்பாக. இன்று இரவு ஏற்றுகிறேன். கதவு முள் மாதிரி நிற்கிறது. அம்மா சின்ன மேடு.

#31 டிரான்சிஸ்டர் தாத்தா

வேவ் கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கேசட்டை நிமிர்த்தி வையுங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். அப்புறம், மறுபக்கம் கேட்டீர்களா?

#32 பின்வரிசை

பாதிவரை. வெறும் பாட்டுதான் தாத்தா.

#33 டிரான்சிஸ்டர் தாத்தா

தாவித் தாவிக் கேட்டீர்களா, ஓட விட்டுக் கேட்டீர்களா?

#34 பின்வரிசை

ஓட விட்டிருக்கிறேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பேசக்கூடாது என்று எனக்குச் சைகை காட்டுகிறாள். இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறது.